தொட்டியில் மிளகாய்: ஜலபீனோ, காந்தாரி, ஹபனேரோ, ரீப்பர் – வளர்த்தவர்கள் ஒப்பிட்டுச் சொல்லுங்கள்

மாடித்தொட்டி:

வணக்கம். விதை விற்பவர்கள் எழுதுவதைப் படித்தால் எல்லா ரகமும் "அமோக விளைச்சல், அபார மணம், தொட்டிக்கு ஏற்றது". அதை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியவில்லை. வளர்த்துப் பார்த்தவர்கள் ஒவ்வொரு ரகமும் உண்மையில் எப்படி நடந்துகொள்கிறது என்று சொன்னால் நல்லது.

என்னிடம் உள்ளவை: 10 லிட்டர் தொட்டி எட்டு, 20 லிட்டர் தொட்டி நான்கு. நேரடி வெயில் 6 மணி நேரம். இப்போது பகலில் 33-34 டிகிரி, இரவில் 24-26. தண்ணீர் கையால்தான் ஊற்றுகிறேன்.

இப்போது இருப்பவை ஜலபீனோ 2, காந்தாரி 1, ஹபனேரோ 2, "கரோலினா ரீப்பர்" என்று சொல்லி வாங்கிய விதையில் முளைத்தது 1. ஜலபீனோவில் பூ விரிந்த மறுநாளே காம்போடு உதிர்கிறது. ரீப்பர் நட்டு மூன்று மாதம் ஆகிறது, ஒரு பூ கூட இல்லை. காந்தாரிக்கு எந்தப் பிரச்சினையும் இல்லை, அது பாட்டுக்குக் காய்க்கிறது.

மீதி ஆறு தொட்டிக்கு என்ன வைக்கலாம்? காரம் மட்டும் நோக்கமல்ல. மணம் வேண்டும், காய வைக்க ஒரு ரகம் வேண்டும், பச்சையாகப் பறிக்க ஒன்று வேண்டும்.

---

காரப்பிரியன்:

ரகத்தின் பெயரைக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டு இனத்தைப் பாருங்கள் சகோ. மனிதர்கள் பயிராக்கியது ஐந்து இனம்: ஆனுவம், சைனென்ஸ், ஃப்ரூட்டெசென்ஸ், பக்காட்டம், பியூபெசென்ஸ். எத்தனை நாளில் முளைக்கும், எவ்வளவு வெப்பம் தாங்கும், எந்த அளவு தொட்டி வேண்டும் என்பதில் முக்கால்வாசியை இனமே சொல்லிவிடும். ரகத்தின் பெயர் காயின் வடிவத்தையும் காரத்தையும் மட்டும்தான் சொல்லும், அதுவும் விதை உண்மையாக இருந்தால்.

உங்கள் ஜலபீனோ உதிர்வதற்குக் காரணம் பெரும்பாலும் இரவு வெப்பம். ஆனுவத்தில் காய் பெரிதாகும் ரகங்கள்தான் முதலில் அடிவாங்கும். இரவு 24 டிகிரிக்குக் கீழே இறங்காவிட்டால் குடைமிளகாய், பொப்ளானோ இரண்டும் பூவை உதிர்க்கும். ஜலபீனோ அதற்கு அடுத்த இடம். பகல் 35-ஐத் தாண்டினாலும் இதே கதை. பூ விரிகிற அன்றைய வெயில் மட்டும் காரணமல்ல, மொட்டாக இருக்கும்போதே மகரந்தம் கெட்டுவிடும். அதனால் குளிர்ந்த மறுநாளே காய் பிடிக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள், புது மொட்டு வந்து விரியும் வரை பொறுக்க வேண்டும். சின்னக் காய் ரகங்கள் இந்த வெப்பத்தைப் பொருட்படுத்தாது. உங்கள் காந்தாரி நிம்மதியாக இருப்பது அதனால்தான்.

இனி ரகம் ரகமாக, என் மதிப்பீடு.

ஜலபீனோ: 2,500 முதல் 8,000 ஸ்கோவில் (காரத்தை அளக்கும் அலகு). பச்சையாகப் பறிக்க இதைவிட வசதியான ரகம் குறைவு. நாற்று நட்டு 70-80 நாளில் முதல் பறிப்பு, 10 லிட்டர் தொட்டியே போதும். தோலில் பழுப்பு நிறத்தில் மெல்லிய கீறல் போல வருவது நோயல்ல. சதை வளரும் வேகத்துக்குத் தோல் ஈடுகொடுக்காமல் விரிந்து ஆறிய தழும்பு அது. கீறல் விழுந்த காய் முற்றிய காய், சுவையும் கூடுதல். குறை என்னவென்றால் சதை தடிமன், வெயிலில் காயவே காயாது, உள்ளே பூஞ்சை பிடிக்கும். அதைப் புகையில் உலர்த்தும் வழக்கம் வந்ததே இதனால்தான்.

காந்தாரி: ஃப்ரூட்டெசென்ஸ். காய் வானத்தைப் பார்த்து நிற்கும், பழுத்ததும் காம்பை விட்டுச் சுலபமாகக் கழன்று வரும். காட்டில் பறவை கொத்திச் செல்ல வசதியாக அமைந்த குணம். பறவைகளுக்குக் காரம் உறைக்காது என்பதால் வலை போடாவிட்டால் பழம் உங்களுக்கு மிஞ்சாது. 20 லிட்டர் கொடுத்தால் மூன்று நான்கு வருடம் நிற்கும். காரம் சுருக்கென்று ஏறிச் சீக்கிரம் இறங்கிவிடும். மணம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. பறிக்கத்தான் பொறுமை வேண்டும், 100 காய் பறித்தாலும் ஒரு கை நிறையாது.

ஹபனேரோ: சைனென்ஸ். 1 லட்சம் முதல் 3.5 லட்சம். நீங்கள் மணம் என்று கேட்டதற்கு விடை இதுதான். பழுத்த காயைக் கீறினால் மாம்பழமும் பாதாமியும் (ஆப்ரிகாட்) சேர்ந்த ஒரு பழ வாடை வரும். அந்த மணம் பச்சைக் காயில் இருக்காது, முழுதாக நிறம் மாறிய பிறகும் இரண்டு மூன்று நாள் செடியிலேயே விட்டுப் பறிக்க வேண்டும். இங்கே பலர் ஹபனேரோவைப் பச்சையாகவே பறித்துவிட்டு "காரம் மட்டும்தான் இருக்கு" என்று குறை சொல்கிறார்கள்.

கரோலினா ரீப்பர்: உலகின் மிகக் காரமான மிளகாய் என்று 2013-இல் கின்னஸ் பதிவு. சராசரி 15 லட்சத்து 69 ஆயிரம் என்றார்கள், 2017-இல் அதை 16 லட்சத்து 41 ஆயிரமாகத் திருத்தினார்கள். 2023-இல் பெப்பர் எக்ஸ் 26 லட்சத்து 93 ஆயிரத்துடன் அந்த இடத்தைப் பிடித்தது. வீட்டில் ஒரு செடி இருந்தாலே தேவைக்கு மேல். மூன்று மாதத்தில் பூக்கவில்லை என்று கவலைப்படாதீர்கள். சைனென்ஸில் இந்த வகைகள் நட்டு 120-150 நாள் கழித்துத்தான் பழம் தரும். தழைச்சத்தை (நைட்ரஜன்) மட்டும் குறையுங்கள். இலை கரும்பச்சையாக, உள்ளங்கை அகலத்தில் இருக்கிறதென்றால் அது கூடிவிட்டது என்று அர்த்தம்.

பூத் ஜோலோகியா: இதுவும் சைனென்ஸ்தான், ஃப்ரூட்டெசென்ஸின் கலப்பும் கொஞ்சம் உண்டு. 2007-இல் கின்னஸ் ஏற்றபோது 10 லட்சத்தைத் தாண்டிய முதல் மிளகாய். ரீப்பரைவிட மெல்லிய தோல், அதனால் காய வைக்க எளிது. வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்த சூழலில் மற்ற அதிகக் காரமுள்ள செடிகளைவிட நன்றாகவே காய் பிடிக்கும். இரண்டில் ஒன்றுதான் வைக்க முடியும் என்றால் ரீப்பரை விட்டுவிட்டு இதை வையுங்கள் என்பேன்.

லெமன் டிராப்: பக்காட்டம். அதிகம் பேர் கண்டுகொள்ளாத ரகம். 15,000-30,000 காரம், எலுமிச்சைத் தோல் மணம், மெல்லிய சதை, விதையும் குறைவு. காய வைக்கவும் ஆகும், பச்சையாகவும் ஆகும். ஒரே குறை அதன் உயரம். 20 லிட்டர் தொட்டியில் ஒன்றரை மீட்டர் வரை போகும், குச்சி கட்டாவிட்டால் காய்ப் பாரத்தில் கிளை கிழியும். பூவின் வெள்ளை இதழில் மஞ்சள் பச்சைப் புள்ளி இருக்கும், அதை வைத்தே பக்காட்டம் என்று கண்டுகொள்ளலாம்.

ரொகோட்டோவை விட்டுவிடுங்கள். பியூபெசென்ஸ், ஊதாப் பூ, கறுப்பு விதை, மயிர் படர்ந்த இலை, பார்க்க அத்தனை அழகு. ஆனால் ஆண்டிஸ் மலைச்சரிவின் செடி. உங்கள் வெப்பத்தில் இலையாக வளருமே தவிரக் காய் பிடிக்காது.

ஆறு தொட்டிக்கு என் பரிந்துரை: லெமன் டிராப் 1 (20 லிட்டரில்), பூத் ஜோலோகியா 1 (இதுவும் 20), காய வைக்க கயேன் 2, குண்டு மிளகாய் 1, தொட்டியில் அழகுக்கு நூமெக்ஸ் ட்விலைட் 1. கடைசியாகச் சொன்னதன் காய் ஊதாவில் தொடங்கி மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று மாறும். 5 லிட்டரே போதும் அதற்கு. ஹபனேரோ ஏற்கெனவே இருக்கிறது, அதைப் பெரிய தொட்டிக்கு மாற்றுங்கள். 10 லிட்டரில் சைனென்ஸ் வளரும், ஆனால் வெயில் காலத்தில் நாளுக்கு இரண்டு முறை வாடி நிற்கும். ஒவ்வொரு வாட்டத்துக்கும் கொஞ்சம் பூ போகும்.

---

நாற்றங்கால்:

மேலே சொன்னதில் பெரும்பாலும் ஒத்துப்போகிறேன். விதைப்பைப் பற்றி யாரும் பேசவில்லை, சைனென்ஸில் முக்கால்வாசி தோல்வி அங்கேதான் நடக்கிறது.

ஆனுவம் 7-14 நாளில் முளைக்கும். சைனென்ஸ் 2-4 வாரம், பழைய விதையானால் அதற்கும் மேலே போகும். பத்தாம் நாள் பொறுமை இழந்து தட்டைக் கிளறுகிறவர்கள்தான் அதிகம். மண்ணின் சூடு 27-30 டிகிரி இருக்க வேண்டும். காற்றின் சூட்டைச் சொல்லவில்லை, மண்ணின் சூடு. ஈரமான தட்டு நிழலில் இருந்தால் ஆவியாவதால் அறைச் சூட்டைவிட இரண்டு மூன்று டிகிரி குறைவாகவே இருக்கும். மூடி போட்டால் அந்தக் குறை சரியாகும்.

விதையை 12 மணி நேரம் வெதுவெதுப்பான நீரில் ஊறப்போட்டு, அரை சென்டிமீட்டர் ஆழத்தில் விதையுங்கள். அதைவிட மேலோட்டமாக விதைத்தால் விதையின் ஓடு மண்ணில் உரசிக் கழலாமல் வித்திலையில் தொப்பி போல மாட்டிக்கொண்டே வெளியே வரும். கையால் பிடுங்கினால் குருத்தும் சேர்ந்து வந்துவிடும். ஒரு சொட்டுத் தண்ணீரை அந்தத் தொப்பியில் வைத்து, ஒரு மணி நேரம் மூடி வைத்தால் ஓடு இளகும். அப்புறம் இரண்டு ஊசி முனையால் பிரித்துவிடலாம்.

முளைத்த அன்றே மூடியை எடுத்துவிடுங்கள். எடுக்காவிட்டால் நாற்றழுகல்: தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் நூல் போல மெலிந்து, காலையில் பார்த்தால் நாற்று படுத்திருக்கும். அப்படி விழுந்ததைக் காப்பாற்ற முடியாது. பக்கத்து நாற்றுகளைக் காப்பாற்ற வேண்டுமானால் மேலே தண்ணீர் தெளிப்பதை நிறுத்தி, தட்டின் அடியிலிருந்து உறிஞ்ச விடுங்கள். மேல்மண் காய்ந்தே இருக்கட்டும்.

தொட்டிக் கலவை: கோகோபீட் (தென்னை நார்த்தூள்) 4 பங்கு, மக்கிய மண்புழு உரம் 3, செம்மண் 2, பெர்லைட் 1. 10 லிட்டருக்கு ஒரு பிடி, அதாவது 50 கிராம், வேப்பம் பிண்ணாக்கு. கோகோபீட்டை அப்படியே கொட்டாதீர்கள். உப்பு இருக்கும், தவிர நீங்கள் கொடுக்கும் கால்சியத்தை நார் தன்னிடமே பிடித்துவைத்துக்கொள்ளும். நன்றாகக் கழுவிவிட்டு, 5 கிலோ கட்டிக்கு 100 கிராம் கால்சியம் நைட்ரேட் கரைத்த நீரில் ஒரு நாள் ஊறவைத்துப் பிழிந்து எடுங்கள். இதைச் செய்யாமல்விட்டு, பிறகு காயின் நுனி கருகுகிறது என்று வந்து கேட்பவர்கள் மாதம் இருவராவது உண்டு.

நுனி கருகலுக்கு அடுத்த காரணம் தண்ணீர். கால்சியம் நீரோடுதான் மேலே ஏறும். ஒரு நாள் வறட்சி, மறுநாள் வெள்ளம் என்று ஊற்றினால் மண்ணில் கால்சியம் கொட்டிக் கிடந்தாலும் காயின் நுனிக்குப் போய்ச் சேராது. விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பார்த்து, அங்கே உலரத் தொடங்கியிருந்தால், அடியில் வழியும் வரை ஊற்றுங்கள்.

உரம்: பூக்கும் வரை 19:19:19 (தழை, மணி, சாம்பல் சத்துகளின் சதவீதம்) லிட்டருக்கு 2 கிராம், பத்து நாளுக்கு ஒரு முறை. பூ வந்ததும் 13:0:45 லிட்டருக்கு 2 கிராம், இன்னொரு நாளில் கால்சியம் நைட்ரேட் 1 கிராம். கால்சியம் நைட்ரேட்டையும் எப்சம் உப்பையும் (மெக்னீசியம் சல்பேட்) ஒரே வாளியில் அடர்த்தியாகக் கரைக்காதீர்கள். பாலாகக் கலங்கி அடியில் படியும், அது ஜிப்சம். இரண்டையும் செடி எடுக்காது.

---

மாடித்தொட்டி:

விரிவான பதில்களுக்கு நன்றி. ரீப்பர் பூக்காததற்கு வேறு காரணம் இருக்குமோ என்று சந்தேகம் வருகிறது. இன்று கிட்டே போய்ப் பார்த்தேன். நுனி இலைகள் சின்னதாக, கீழ்நோக்கி மடிந்து, தலைகீழாகக் கவிழ்த்த கிண்ணம் மாதிரி இருக்கின்றன. இலையின் அடிப்பக்கம் பழுப்பாக, மெழுகு பூசியது போலப் பளபளக்கிறது. நுனி மொட்டுகள் கருகி உதிர்ந்திருக்கின்றன. கண்ணுக்குப் பூச்சி எதுவும் தெரியவில்லை. வேப்பெண்ணெய் 5 மில்லி நேற்றுத்தான் அடித்தேன்.

---

பூதக்கண்ணாடி:

மிளகாய்க்காரர்கள் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டிய ஒரு வரி: இலை மேல்நோக்கிப் படகு போல மடிந்தால் இலைப்பேன் (த்ரிப்ஸ்), கீழ்நோக்கிக் கவிழ்ந்தால் சிலந்தி (வலை பின்னும் சிலந்தியல்ல, மைட் எனப்படும் நுண்ணிய உயிரி). உங்களுடையது இரண்டாவது. அகன்ற சிலந்தி அல்லது மஞ்சள் சிலந்தி என்பார்கள். 0.2 மில்லிமீட்டர்தான் இருக்கும், வெறும் கண்ணுக்குத் தெரியாது. 60 மடங்கு லென்ஸ் இருந்தால் நுனி இலையின் அடியில் நரம்பை ஒட்டிப் பாருங்கள். பூச்சியைத் தேடாதீர்கள், முட்டையைத் தேடுங்கள். கண்ணாடி போல ஒளி ஊடுருவும் நீள்வட்ட முட்டை, அதன்மேல் வரிசையாக வெள்ளைப் புள்ளிகள். ஒருமுறை பார்த்துவிட்டால் வேறு எதோடும் குழப்ப மாட்டீர்கள்.

மூன்று மாதம் பூக்காமல் நின்றதற்குத் தழைச்சத்து மட்டும் காரணமாக இருக்காது. இந்தச் சிலந்தி குருத்தைத்தான் சப்பும். மொட்டு உருவாகிற இடமே அதுதான். காரப்பிரியன் சொன்ன 120 நாள் கணக்கு சரிதான், ஆனால் அது பழத்துக்கு. மூன்றாம் மாத முடிவில் மொட்டாவது தெரிந்திருக்க வேண்டும்.

செய்ய வேண்டியது: முதலில் எல்லாக் கிளையிலும் நுனியை இரண்டு கணு அளவுக்குக் கிள்ளி, பையில் போட்டு மூடி எறியுங்கள். சிலந்தியில் பெரும்பகுதி அதோடு போய்விடும். பிறகு நனையும் கந்தகம் 80 சதவீதம், லிட்டருக்கு 2 கிராம், மாலையில், இலையின் அடிப்பக்கம் நனையும்படி. ஐந்து நாள் இடைவெளியில் மூன்று முறை. இந்த வெப்பத்தில் முட்டை பொரிந்து வளர்ந்து மறுபடி முட்டையிட ஒரு வாரம் கூட ஆகாது, அதனால் ஐந்தாம் நாளைத் தவறவிட்டால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

ஆனால் நேற்று வேப்பெண்ணெய் அடித்துவிட்டீர்களே. எண்ணெய் அடித்த இரண்டு வாரத்துக்குள் கந்தகம் அடித்தால் இலை வெந்துவிடும். 32 டிகிரிக்கு மேலே கந்தகம் தனியாகவே சுடும். உங்கள் பகல் 33-34. ஆகவே இப்போதைக்கு நுனியைக் கிள்ளிவிட்டு, பொட்டாசியம் சோப்புக் கரைசலை லிட்டருக்கு 5 மில்லி வீதம் அடிப்பக்கத்தில் மூன்று நாளுக்கு ஒருமுறை அடியுங்கள். இரண்டு வாரம் போகட்டும். பிறகு மேகமூட்டமான நாளாகப் பார்த்துக் கந்தகம். முதலில் இரண்டு இலையில் மட்டும் அடித்து ஒரு நாள் பாருங்கள்.

இன்னொன்று. சிலந்தி செத்தாலும் சுருங்கிய இலை நிமிராது. சப்பும்போது அது செலுத்தும் நஞ்சு திசுவில் தங்கிவிடும், அடுத்து வரும் ஓரிரண்டு தளிர்கூடக் கோணலாக வரலாம். மருந்து வேலை செய்யவில்லை என்று அளவைக் கூட்டிவிடாதீர்கள். மூன்றாவது ஜோடி இலை தட்டையாக வருகிறதா என்பதுதான் கணக்கு.

வெள்ளை ஈ இருந்தால் அதையும் ஒழியுங்கள். இந்தச் சிலந்தி அதன் காலைப் பற்றிக்கொண்டு செடிவிட்டுச் செடி போகும். உங்கள் ஹபனேரோவைத் தள்ளி வையுங்கள். சைனென்ஸின் மென்மையான தளிர்தான் அதற்கு முதல் விருப்பம். காந்தாரியில் வந்தாலும் செடி சமாளித்துக்கொள்ளும்.

இலை மேல்நோக்கிச் சுருண்டு, மஞ்சளாகி, நரம்பு தடித்து, செடி முழுவதும் குறுகி நின்றால் அது வேறு விஷயம். வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருட்டு வைரஸ். அதற்கு மருந்தே கிடையாது, வேரோடு பிடுங்கிவிட வேண்டும். உங்கள் வர்ணனையில் அந்த அறிகுறி இல்லை.

---

விதைப்பெட்டி:

"ரீப்பர் என்று சொல்லி வாங்கிய விதை" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தச் சந்தேகம் நியாயமானது. பொட்டலத்தில் என்ன பெயர் இருந்தாலும் பூவும் காயும்தான் சாட்சி. ஒரே கணுவில் இரண்டு முதல் ஐந்து பூ சேர்ந்து தொங்கினால் சைனென்ஸ். காம்பு காயோடு சேரும் இடத்தில் மோதிரம் அணிந்தது போல ஒரு நெரிப்பும் இருக்கும். கணுவுக்கு ஒரே ஒரு பால்வெள்ளைப் பூ என்றால் ஆனுவம். பச்சை கலந்த வெள்ளைப் பூ நிமிர்ந்த காம்பில் நின்றால் ஃப்ரூட்டெசென்ஸ். எல்லாக் கணுவிலும் ஒற்றைப் பூவே வந்தால் உங்களிடம் இருப்பது பெரும்பாலும் ரீப்பர் அல்ல.

சைனென்ஸ்தான் என்று ஆன பிறகு காயைப் பாருங்கள். ரீப்பர் குட்டையாக, மேடுபள்ளமாக, அடியில் தேள் கொடுக்கு போல ஒரு வால் நீட்டிக்கொண்டிருக்கும். ஆறேழு சென்டிமீட்டர் நீண்டு கூம்பினால் பூத் ஜோலோகியா பக்கம். வழவழப்பான விளக்குக் கூடு வடிவமென்றால் ஹபனேரோ. சைனென்ஸ் என்ற பெயரே ஒரு தவறு என்பது தெரியுமோ? 1776-இல் ஜாக்வின் அதைச் சீனச் செடி என்று நினைத்துப் பெயர் வைத்துவிட்டார். அதன் சொந்த ஊர் அமேசான் பக்கம். பெயரை நம்பினால் இதுதான் கதி.

விதை கலப்பது ஏன் இவ்வளவு சகஜம் என்றால், மிளகாய் தன் மகரந்தத்திலேயே காய்க்கும் என்றாலும் தேனீயும் இலைப்பேனும் பக்கத்துச் செடியின் மகரந்தத்தைத் தாராளமாகக் கொண்டுவந்துவிடும். ஆனுவமும் சைனென்ஸும் கூடத் தங்களுக்குள் கலக்கும். ரொகோட்டோ மட்டும் மற்றவற்றோடு சேராது. இங்கே அடிக்கடி வரும் ஒரு புரளியையும் முடித்துவைக்கிறேன்: குடைமிளகாய்க்குப் பக்கத்தில் ரீப்பர் வைத்தால் குடைமிளகாய் உறைக்காது. காரம் உருவாவது காயின் உள்ளே விதை ஒட்டியிருக்கும் அந்த வெள்ளைத் தசையில். அது தாய்ச் செடியின் திசு, மகரந்தம் எங்கிருந்து வந்தாலும் அதில் மாற்றமில்லை. மாற்றம் விதைக்குள் இருக்கும். அந்த விதையை அடுத்த முறை விதைத்தால்தான் விபரீதம் தெரியும். விதையில்தான் காரம் என்பதும் இதே மாதிரிதான். விதையில் காரம் உற்பத்தியாவதில்லை, பக்கத்துத் தசையிலிருந்து ஒட்டிக்கொள்கிறது.

சுத்தமான விதை வேண்டுமானால்: விரியாத மொட்டுகள் உள்ள கிளையைத் தேர்ந்தெடுத்து, விரிந்த பூக்களையும் ஏற்கெனவே பிடித்த பிஞ்சுகளையும் கிள்ளிவிட்டு, மெல்லிய வலைத்துணிப் பையை மாட்டிக் கட்டுங்கள். உள்ளே காற்றும் பூச்சியும் இல்லாததால், காலை பத்து மணி வாக்கில் பையோடு சேர்த்துக் கிளையை விரலால் சுண்டிவிடுங்கள். பிஞ்சு பிடித்ததும் பையை எடுத்துவிட்டு, அந்தக் காம்பில் வண்ண நூல் கட்டி அடையாளம் வையுங்கள். நூல் கட்டாதவன் பறிக்கும்போது எது எதென்று முழிப்பான். காய் முழுதாகப் பழுத்த பிறகு பறித்து, விதையை நிழலில் பத்து நாள் காய வையுங்கள். வளைத்தால் வளையக் கூடாது, பட்டென்று உடைய வேண்டும். காற்றுப் புகாத புட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வைத்தால் மூன்று வருடம் நம்பலாம்.

எஃப்1 (முதல் தலைமுறைக் கலப்பினம்) என்று போட்ட பொட்டலத்துச் செடியில் விதை எடுக்காதீர்கள். அடுத்த தலைமுறையில் பத்துச் செடி பத்து விதமாக வரும். அதைத் திரும்ப நிலைநிறுத்த ஏழெட்டுத் தலைமுறை தேர்வு செய்ய வேண்டும்.

---

காரப்பிரியன்:

பூதக்கண்ணாடி சொன்னது சரி, இலை அறிகுறி தெரியாமல் தழைச்சத்தின் மேல் பழி போட்டுவிட்டேன்.

விதைப்பெட்டி ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். விதை அசலாகவே இருந்தாலும் பொட்டலத்தில் உள்ள ஸ்கோவில் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். 1912-இல் ஸ்கோவில் கண்டுபிடித்தது நாக்கால் அளக்கும் முறை: சாற்றைச் சர்க்கரை நீரில் கரைத்துக்கொண்டே போய், காரம் தெரியாமல் போகும் இடத்தைக் குறிப்பது. இப்போது கருவியில் அளக்கிறார்கள். ஆனாலும் ஒரே ரகத்தில் செடிக்குச் செடி வித்தியாசம் உண்டு. 2012-இல் நியூ மெக்சிகோ மாநிலப் பல்கலைக்கழகம் டிரினிடாட் மொருகா ஸ்கார்பியனை அளந்தபோது சராசரி 12 லட்சம், தனிச் செடிகளில் 20 லட்சத்துக்கு மேல். பொட்டலத்தில் எந்த எண்ணை அச்சடிப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

தண்ணீரைக் குறைத்தால் காரம் கூடும் என்று சொல்வார்கள். சில ரகங்களில் உண்மை, எல்லாவற்றிலும் அல்ல. விளைச்சல் மட்டும் எல்லா ரகத்திலும் குறையும். கையால் தண்ணீர் ஊற்றும் தொட்டியில் அந்த விளையாட்டு வேண்டாம், நுனி கருகலில் போய் நிற்கும்.

---

மாடித்தொட்டி:

நுனிகளைக் கிள்ளிவிட்டேன், ஹபனேரோவைத் தள்ளி வைத்துவிட்டேன். லென்ஸ் வந்ததும் முட்டையைத் தேடுகிறேன். கடைசியாக ஒரு கேள்வி: ஹபனேரோ பழுத்தால் எப்படிக் காய வைப்பது? வெயிலில் முழுசாகப் போடலாமா?

---

நாற்றங்கால்:

முழுசாகப் போடாதீர்கள். வெளியே காய்ந்தது போலத் தெரியும், உள்ளே சாம்பல் பூத்திருக்கும். காம்பை எடுத்து, நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, வெட்டிய பக்கம் மேலே இருக்கும்படி உலர்த்தி இயந்திரத்தில் 55-60 டிகிரியில் 8 முதல் 12 மணி நேரம். மடித்தால் ஒடிய வேண்டும். தோல் போல வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. கயேன், குண்டு, லெமன் டிராப் மூன்றும் மெல்லிய தோல், அவற்றை நல்ல வெயில் இருந்தால் முழுசாகவே போடலாம். குண்டில் ஆட்டினால் விதை கலகலவென்று கேட்கும், அதுதான் பதம்.

இயந்திரத்தை வீட்டுக்குள் ஓட்டாதீர்கள். ஹபனேரோ ஒரு தட்டுப் போட்டாலே அறையில் இருப்பவர்கள் எல்லாம் இருமுவார்கள். ரீப்பர், பூத் ஜோலோகியா என்றால் கட்டாயம் வெளியே. அரைத்த உடனே மூடியைத் திறக்காமல் பத்து நிமிடம் தூள் அடங்க விடுங்கள்.

வெட்டும்போது நைட்ரைல் கையுறை. கையில் பட்டுவிட்டால் வெறும் தண்ணீர் காரத்தைப் பரப்பத்தான் செய்யும். முதலில் சமையல் எண்ணெய் தேய்த்து, பிறகு பாத்திரம் கழுவும் சோப்பு, மறுபடி ஒருமுறை எண்ணெய், சோப்பு. வாய்க்குப் பால் அல்லது தயிர், அதிலுள்ள கேசின் என்ற புரதம் காரத்தைப் பிடித்து இழுத்துக்கொள்ளும். கண்ணில் கான்டாக்ட் லென்ஸ் அணிபவராக இருந்தால் மிளகாய் வெட்டுவதற்கு முன்பே கழற்றி வைத்துவிடுங்கள், வெட்டிய பிறகு அதைக் கழற்றப் போகும் விரல்தான் பிரச்சினை.

---

பூதக்கண்ணாடி:

முட்டையைப் பார்த்ததும் இங்கே எழுதுங்கள். இல்லையென்றாலும் எழுதுங்கள். கீழ்நோக்கிச் சுருண்டு முட்டையும் இல்லாவிட்டால், பக்கத்து நிலத்திலோ புல்வெளியிலோ களைக்கொல்லி அடித்தது காற்றில் வந்திருக்கலாம். அதில் இலை குறுகி வார் போல நீளும், அடியில் அந்த மெழுகுப் பளபளப்பு வராது.